குடும்பக் காரும் இன்ஷூரன்ஸ் பாலிஸியும்

நம் நாட்டில் ஒரு வீட்டார் மோட்டார் கார் வாங்கினால் அது ஒருவருடைய காராக இருப்பதில்லை, வீட்டுக்கே பொதுவாகிவிடுகிறது. தகப்பனார் பெயரில் ரிஜிஸ்தர் ஆகியிருக்கும்; மாதத் தவணையை மகன் கட்டிவருவான்; மருமகள் அதை ஓட்டிக்கொண்டு உத்தியோகத்துக்குப் போவாள்; பண்டிகைக்கு வந்த மாப்பிள்ளை அதில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வத்தின் கோவிலுக்குப் போய்வருவார். இந்த வழக்கத்தில் குறைகூற யாதொன்றுமில்லை. ஆனால் அந்தக் காருக்கு எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிஸிக்கு வீடு என்பதும் குடும்பம் என்பதும் தெரியா. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயருக்குரியவரே இன்ஷூர் செய்துகொண்டவர். மற்றவர்கள் எத்தனை நெருங்கிய பந்துக்களாயினும் அவர்களுக்கு அதில் கிடைக்கும் இடம் வேறு. சிலருக்கு இடமே இல்லை. இதை அறியாமல் வருஷந்தோறும் பிரீமியம் கட்டிவிட்டு, குடும்பம் முழுவதும் காக்கப்பட்டிருப்பதாக நம்பியிருப்போர் எண்ணிறந்தவர். விபத்து நேர்ந்து, வீட்டில் துக்கம் நிறைந்திருக்கும் சமயத்தில் இந்த உண்மையை அவர்கள் அறிய நேர்வது மிகவும் பரிதாபகரமானது. ஆகவே இவ்விஷயத்தைப் பொதுஜனங்களுக்கு விளக்குவதும், சர்க்காரிடம் ஒரு கோரிக்கையை வைப்பதும் நம் கடமையென்று கருதுகிறோம்.

முதலில் சட்டத்தின் நோக்கம் என்ன என்பதைப் பார்ப்போம். மோட்டார் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்ற விதி, இங்கிலாந்தில் 1930-ம் வருஷத்தில் செய்த சட்டத்தை அனுசரித்து, 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் மூலம் இந்நாட்டுக்கு வந்தது. அந்த அத்தியாயம் 1946-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1988-ம் வருஷத்துச் சட்டம். 2019-ல் அதற்குப் பெரிய திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆனால் மூல நோக்கம் மாறவில்லை. வண்டி வைத்திருப்பவனால் தெருவில் போகும் அயலானுக்கு உயிர்ச்சேதமோ அங்கஹீனமோ ஏற்பட்டால், வண்டிக்காரனிடம் பணமில்லை என்ற காரணத்தால் அவன் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்பதே அது. ஆதலால் சட்டம் கட்டாயப்படுத்துவது அயலாரின் பாதுகாப்பையே அன்றி வண்டிக்குடையவரின் குடும்பப் பாதுகாப்பையன்று. நோக்கம் உயர்ந்தது, அதைப் பற்றி நமக்கு ஆக்ஷேபமில்லை.

அயலாரைப் பொறுத்தவரை பாலிஸி தாராளமாகவே இருக்கிறது. தனியார் காருக்கு இந்தியாவில் வழங்கும் பாலிஸியில் ஓட்டுபவரைப் பற்றிய ஷரத்து, இன்ஷூர் செய்துகொண்டவர் உட்பட எவரும் ஓட்டலாம், செல்லத்தக்க லைஸென்ஸ் அவரிடம் இருந்தால் போதும் என்கிறது. சொந்தக்காரரின் உத்தரவின் மேலோ அனுமதியின் மேலோ ஓட்டும் மகன், மகள், மனைவி, சிநேகிதர் எவராயினும், அவரால் மூன்றாமவருக்கு நேர்ந்த தீங்குக்குக் கம்பெனி பொறுப்பேற்கும். மரணத்துக்கும் காயத்துக்கும் இப்பொறுப்புக்குத் தொகை வரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குச் சாதாரணமாக 7,50,000 ரூபாய் வரம்பு உண்டு. லைஸென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்திருந்தால், காயம்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அத்தொகையைச் சொந்தக்காரரிடமிருந்தே வசூல் செய்யும்படி கோர்ட்டார் உத்தரவிடுவது வழக்கம். சிறுவர் கையில் காரைக் கொடுத்தவர்களுக்கோ 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கின்றன. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

இனி, காருக்குள் இருப்பவர்களின் நிலைமையைப் பார்ப்போம். பாலிஸியில் இருவகை உண்டு. ஒன்று, சட்டம் விதித்த மட்டுக்கு மூன்றாமவர் பொறுப்பை மட்டும் ஏற்பது. மற்றொன்று, வண்டியின் சேதத்தையும் சேர்த்து ஏற்கும் முழுப் பாலிஸி. இதைக் கம்பெனிக்காரர்கள் பாக்கேஜ் பாலிஸி என்பார்கள். முதல் வகையில், கூலி கொடாமல் ஏறிச் செல்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. 2006-ல் ஸ்கூட்டரின் பின் இருக்கையில் சென்றவர் சம்பந்தமான ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அவ்வாறு தீர்ப்பளித்து, மற்ற வண்டிகளில் இலவசமாகச் செல்வோருக்கும் அதுவே பொருந்தும் என்றனர். இரண்டாம் வகையில் உள்ளே அமர்ந்திருப்பவர்கள் மீதான பொறுப்பையும் கம்பெனி ஏற்கிறது. 2009-ம் வருஷம் நவம்பரில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் இதை ஸ்பஷ்டமாக எழுதிக் கம்பெனிகளுக்கு அனுப்பினர். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டாரும் இதை உறுதிசெய்தனர். எனவே கணவர் ஓட்டும் காரில் அவருடைய அஜாக்கிரதையால் மனைவிக்கோ தாயாருக்கோ தீங்கு நேர்ந்தால், முழுப் பாலிஸி இருக்கும்பட்சத்தில் நஷ்டஈடு கோர வழியுண்டு. புதிய கார் வாங்கி ஒரு வருஷம் கழித்து, சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று மூன்றாமவர் பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்பவர்கள், வண்டியின் ரிப்பேர்ச் செலவை மட்டும் கைவிடுவதாக எண்ணுகிறார்கள். தம் மனைவி மக்களின் பாதுகாப்பையும் சேர்த்தே கைவிடுகிறார்கள் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

எல்லோரிலும் அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டியவர் காரை ஓட்டிக்கொண்டிருப்பவரே. அவரே எல்லோரிலும் குறைவாகக் காக்கப்பட்டிருக்கிறார். எதிரே வந்த லாரியின் மீது தவறு இருந்தால் அந்த லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அவரோ அவர் வாரிசுகளோ கோரலாம். ஆனால் டயர் வெடித்தோ, மழையில் சறுக்கியோ, குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதியோ அவர் இறந்துபோனால், நஷ்டஈடு கொடுக்க வேண்டிய எதிராளி என்று ஒருவரும் இல்லை. தம்முடைய காரின் பாலிஸிக்கு அவர் மூன்றாமவரும் அல்லர். ஏனெனில் சொந்தக்காரர் தமக்குத் தாமே நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட முடியாது என்பது நியாயசாஸ்திரத்தின் முடிவு.

இந்தக் குறையை நிவர்த்திக்கவே, சொந்தக்காரர்–ஓட்டுநர் என்பவருக்குத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு என்ற ஒன்று கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. முன்பு இதன் தொகை மோட்டார் சைக்கிளுக்கு 1 லட்சமும் காருக்கு 2 லட்சமுமாக இருந்தது. இது மிகவும் அற்பம் என்று கண்டு உயர்த்தச் சொன்ன பெருமை சென்னை ஹைக்கோர்ட்டைச் சேர்ந்தது. 2017-ல் அக்கோர்ட்டார் செய்த உத்தரவை அனுசரித்து 2018-ல் ஆணையத்தார் இதை 15 லட்சமாக்கினர். அப்பொழுது இதற்கு வருஷத்துக்கு 750 ரூபாய் பிரீமியம் என்று நிர்ணயித்தனர். நல்ல சீர்திருத்தமே. ஆனால் இத்தொகை கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. ஓட்டியவர் அந்த வண்டியின் ரிஜிஸ்தர் ஆன சொந்தக்காரராக இருக்கவேண்டும். பாலிஸியில் பெயர் கண்டவராக இருக்கவேண்டும். செல்லத்தக்க லைஸென்ஸ் உடையவராகவும் இருக்கவேண்டும்.

இந்த மூன்று நிபந்தனைகளையும் நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். கார் தகப்பனார் பெயரில் இருக்கிறது, அவருக்கு எழுபது வயது, லைஸென்ஸ் காலாவதியாகிவிட்டது. தினந்தோறும் ஓட்டுகிறவன் மகன். தகப்பனாருக்கு இந்தப் பாதுகாப்பு செல்லாது, லைஸென்ஸ் இல்லை. மகனுக்கும் செல்லாது, சொந்தக்காரன் அல்லன். ராசி என்றோ மரியாதைக்காகவோ தாயார் பெயரில் கார் வாங்கும் வீடுகளிலும் இதே கதிதான். மனைவி தன் சம்பாத்தியத்திலிருந்து தவணை கட்டுகிறாள். கார் கணவர் பெயரில் இருக்கிறது. அவள் ஓட்டிச் செல்கையில் விபத்து நேர்ந்தால், பணம் கட்டியவள் என்பதற்காகப் பாலிஸியில் அவளுக்கு யாதொரு உரிமையும் பிறப்பதில்லை. கூட்டு வியாபாரத்தின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ உள்ள காருக்கு இந்தப் பாதுகாப்பே கொடுக்கப்படுவதில்லை. கம்பெனி கார் ஓட்டாது அல்லவா? பாலிஸியில் 15 லட்சம் என்ற எழுத்தைக் கண்டு திருப்தியடைந்தவர்களில் எத்தனை பேர் இந்த நிபந்தனைகளுக்குள் அடங்குவார்கள் என்று யோசித்தால் மனம் கலங்குகிறது.

கோர்ட்டுகளின் தீர்ப்புகள் இவ்விஷயத்தில் கடுமையாகவே இருந்து வந்திருக்கின்றன. பிறர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்கிறார், ஆகையால் அவர் மூன்றாமவர் அல்லர் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். இந்தத் தர்க்கத்தின் பலன் விசித்திரமாயிற்று. நஷ்டஈடு மறுக்கும் வேளையில் மகன் தகப்பனாரின் ஸ்தானத்தில் நிற்கிறான். தகப்பனாருக்கு உரிய விபத்துத் தொகையைக் கேட்கும் வேளையில் மட்டும் அவன் வேற்று மனிதனாகிவிடுகிறான். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு வழக்கில் இந்த விபரீதத்தைச் சரிப்படுத்தும் வழியைக் காட்டினர். இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்பது உண்மையானால், சொந்தக்காரருக்குப் பாலிஸியில் ஒப்புக்கொண்ட தனிநபர் விபத்துத் தொகை அவர் வாரிசுகளுக்கும் சேரவேண்டும் என்று சொல்லி, அந்தப் பாலிஸியில் கண்ட 1 லட்சத்தை அவர்களுக்கு அளித்தனர். நியாயம் இதுவே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சொந்தக்காரரே இறந்தால் அவர் வாரிசுகள் சட்டத்தின் பழைய 163-ஏ பிரிவின் கீழ் நஷ்டஈடு கோரலாமா என்ற கேள்வியையும் 2025-ல் இரு நீதிபதிகள் பெரிய பெஞ்சின் முடிவுக்கு அனுப்பினர். நீதிபதிகளுக்கே கருத்து பேதமுள்ள ஒரு விஷயத்தை, இன்ஷூரன்ஸ் ஏஜண்டு சொன்ன இரண்டு வார்த்தைகளைக் கொண்டு சாமானிய ஜனங்கள் தெளிந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? 2020-ம் வருஷத்துத் தீர்ப்பு இருந்தபோதிலும் பாலிஸியின் வாசகம் ரிஜிஸ்தர் ஆன சொந்தக்காரர் என்றே இருக்கும் வரையில், ஒவ்வொரு விதவையும் ஒவ்வொரு தாயும் தமக்கு உரியதைப் பெறக் கோர்ட்டுப் படி ஏறித்தான் ஆகவேண்டும்.

இதில் கவனிக்கத்தக்க மற்றொரு முரண்பாடும் உண்டு. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் மூன்றாமவர் என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, போக்குவரத்து வாகனத்தின் டிரைவரையும் அவருடன் வேலை செய்பவரையும் அச்சொல்லில் சேர்த்திருக்கிறார்கள். லாரி, பஸ் ஓட்டும் தொழிலாளியைக் காத்தது போற்றத்தக்க காரியம். சொந்தக் காரில் சம்பளத்துக்கு வைத்திருக்கும் டிரைவர் விஷயத்திலும் சிறு தொகை கூடுதலாகக் கட்டி அவர் சம்பந்தமான பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைக்க ஏற்பாடு இருக்கிறது. சம்பளம் வாங்கி ஓட்டுபவருக்கு ஓர் இடம் ஏற்பட்டுவிட்டது. சம்பளமின்றித் தன் தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் மகளுக்குத்தான் இடமில்லை.

பிற தேசத்தாரின் ஏற்பாட்டையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் மாதிரிப் பாலிஸியில், 'நீங்கள்' என்ற சொல்லுக்கே பாலிஸியில் பெயர் கண்டவர் என்றும், ஒரே வீட்டில் வசிக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவி என்றும் பொருள் எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தினர் என்ற சொல்லுக்கும், இரத்த சம்பந்தத்தாலோ விவாகத்தாலோ தத்தெடுத்தலாலோ உறவினராகி அதே வீட்டில் வசிப்பவர் என்று இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். அங்கும் தகராறுகள் உண்டு. கலாசாலைக்காக வெளியூர் சென்ற மகன் அவ்வீட்டில் வசிப்பவனா என்பது போன்ற கேள்விகள் எழுகின்றன. ஆனால் குடும்பம் என்ற ஒன்று பாலிஸியின் முதல் பக்கங்களிலேயே இடம் பெற்றுவிட்டது. குடும்ப வாழ்க்கையைப் பற்றி உலகுக்கு உபதேசம் செய்யும் நாம், தனி மனிதன் ஒருவனையே சொந்தக்காரனாகக் கண்ட பழைய ஆங்கிலச் சட்டத்தின் அச்சிலேயே இன்னும் நம் பாலிஸியை வார்த்துக்கொண்டிருக்கிறோம். 1972-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி நான்கு பொதுக் கம்பெனிகளாக ஆக்கினோம். அவற்றுள் ஒன்று சென்னையையே தலைமை ஸ்தானமாகக் கொண்டது. கம்பெனிகள் நம்முடையவை ஆயின. பாலிஸியின் வாசகம் நம் வீட்டுக்கு ஏற்றதாக ஆகவில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான். கட்டாயமான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு, சொந்தக்காரரின் பெயரைத் தொடராமல் காரின் ஓட்டும் இருக்கையைத் தொடரட்டும். சொந்தக்காரரின் அனுமதியுடனும் செல்லத்தக்க லைஸென்ஸுடனும் ஓட்டுபவர் எவரோ அவருக்கு அது உரியதாகட்டும். பிரீமியம் உயரும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். ஓரளவு உயரலாம்; வீட்டில் இளைஞர் பலர் ஓட்டினால் அபாயம் சற்று அதிகமே என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு காரை ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஓட்ட முடியும். நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவதால் அபாயம் நான்கு மடங்காகிவிடாது. ஒருவருக்கு 750 ரூபாய் என்று தொடங்கிய ஒரு பாதுகாப்புக்கு இன்னும் சில நூறு ரூபாய் கூடினாலும், அதைக் கொடுக்க மறுக்கும் குடும்பம் இராது. உபயோகப்படாத பாதுகாப்புக்குப் பணம் வாங்குவதைக் காட்டிலும், உபயோகப்படும் பாதுகாப்புக்குச் சற்று அதிகம் வாங்குவது கம்பெனிகளுக்கும் கௌரவமானது.

சட்டமும் விதிகளும் திருந்தும் வரையில் குடும்பஸ்தர்கள் சும்மா இருக்கலாகாது. ரிஜிஸ்தர் பத்திரத்தையும் பாலிஸியையும் லைஸென்ஸையும் ஒன்றாக வைத்துப் பெயர்களை ஒத்துப் பார்க்கவேண்டும். அதிகமாக ஓட்டுபவர் மகனாயின், வண்டியை அவன் பெயருக்கு மாற்றிப் பாலிஸியையும் மாற்றிக்கொள்வதே உத்தமம். பெயரை மாற்றாமல் வாய்ப்பேச்சில் கொடுத்த வண்டிக்கு, ரிஜிஸ்தரில் உள்ளவரே சொந்தக்காரராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டார் 2018-ல் சொல்லியிருக்கின்றனர். மாற்ற இயலாதவர்கள், மனைவி மக்களைப் பெயர் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கலாம். 2002-ம் வருஷத்து டாரிஃப் விதிகளில் இதற்கு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் உச்ச வரம்பு என்பதால், பெருந்தொகை வேண்டுவோர் வாகனத்தைச் சாராத தனி விபத்துப் பாலிஸியையும் எடுக்கவேண்டும். தாமே ஓட்டுங்காலத்திலும் அது செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்து மூலம் பெற்றுவைப்பது விவேகம். காரைக் கூலிக்கு விட்டால் தனியார் கார் பாலிஸி உதவாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சொந்தக்காரர் காலமாகிவிட்டால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியாத மற்றொரு விஷயம். பாலிஸி உடனே இறந்துவிடுவதில்லை. மரணத் தேதியிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிஸியின் தவணை முடியும் நாள், இவ்விரண்டில் எது முந்தியதோ அதுவரையில் அது உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசு வண்டியையும் பாலிஸியையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மரணத்தை முப்பது நாட்களுக்குள் ரிஜிஸ்தர் அதிகாரிக்கு அறிவிக்கவும் வேண்டும். கருமாதி முடிந்து, சொத்துப் பங்கீடு பேசி, எல்லாம் நிதானமாகச் செய்யலாம் என்றிருப்பவர்கள் காரின் விஷயத்தில் மட்டும் அந்த நிதானத்தைக் காட்டலாகாது.

கடைசியாகப் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை நிபந்தனைகளும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கங்களுக்குப் பின்னால் கிடக்கின்றன. கட்டாயமாக வாங்கச் செய்யும் ஒரு பத்திரத்தை, வாங்குபவர் வாசித்து அறியமுடியாத பாஷையில் கொடுப்பது நீதியன்று. பாலிஸியின் முதல் பக்கத்தில், தமிழ்நாட்டில் தமிழிலும் மற்ற ராஜ்யங்களில் அவரவர் தாய்மொழியிலும், நான்கு கேள்விகளுக்கு விடை அச்சிடப்படவேண்டும்: இன்ஷூர் செய்துகொண்டவர் யார்? எவரெவர் ஓட்டலாம்? உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா? ஓட்டுபவர் இறந்தால் யாருக்கு, எவ்வளவு கிடைக்கும்? இந்த நான்கு வரிகளை அச்சிடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஆணையத்தாரின் ஓர் உத்தரவே போதும்.

ஓட்டும் இருக்கைக்கே பாதுகாப்பு என்ற சீர்திருத்தத்தையும் மத்திய சர்க்காரும் ஆணையத்தாரும் காலதாமதமின்றி மேற்கொள்ளவேண்டும். பார்லிமெண்டிலுள்ள நம் பிரதிநிதிகள் இதைக் கட்சி விஷயமாகக் கருதாமல், வீடுதோறும் சம்பந்தப்பட்ட விஷயமாகக் கருதிக் கிளப்புவார்களாக. பிரீமியம் கட்டுவது குடும்பம்; விபத்தில் இழப்பதும் குடும்பம். பாலிஸி காப்பதும் குடும்பமாக இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.